கூடுதல் பொறுப்பில் பெண்களின் உயிர்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின்கீழ், பாதுகாப்பு அலுவலர்கள் இல்லாத இடங்களில் அவர்களை நியமிக்க 2025 மே மாதம் மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் ஆறு வாரக் கெடு விதித்தது. சட்டம் நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ 19 ஆண்டுகளுக்குப் பிறகும் இப்படிக் கெடு விதிக்க நேர்ந்ததே வெட்கக்கேடு. வேறு வேலையில் மூழ்கிக் கிடக்கும் ஓர் அலுவலரின் தலையில் இதையும் கூடுதல் பொறுப்பாகச் சுமத்திவிட்டு, நியமனம் முடிந்தது என்று கணக்குக் காட்டுவது அதைவிடப் பெரிய வெட்கக்கேடு. மாநில அரசுகள் இந்தப் போக்கைக் கைவிட வேண்டும்.

பாதுகாப்பு அலுவலரின் பணி ஓய்வு நேரத்தில் பார்க்கும் வேலை அல்ல. வன்முறை பற்றிய அறிக்கையை நடுவருக்கு அனுப்புவது, மருத்துவப் பரிசோதனைக்கும் காப்பகத்துக்கும் ஏற்பாடு செய்வது, இலவச சட்ட உதவி கிடைக்கச் செய்வது எல்லாம் அவர் கடமை. நீதிமன்ற உத்தரவு வந்த பிறகுதான் கடினமான வேலையே தொடங்குகிறது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பெண்ணை மீண்டும் அந்த வீட்டில் குடியேற்ற வேண்டும். அவளுடைய நகையையும் பொருள்களையும் மீட்டுத் தர வேண்டும். தேவைப்பட்டால் காவல் துறையின் துணையோடு ஆயுதத்தைப் பறிமுதல் செய்ய வேண்டும். சட்டமும் அதன் விதிகளும் இவ்வளவையும் ஒரே அலுவலரிடம்தான் ஒப்படைத்துள்ளன. கர்நாடகத்தில் இந்தப் பொறுப்பு, அங்கன்வாடிகளைக் கவனிக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்களிடம் தரப்பட்டது. காலையில் சத்துணவுக் கணக்கு, மதியம் ஆய்வுக் கூட்டம் என்று ஓடும் ஒருவர், இரவில் அடிபட்டு வரும் பெண்ணுக்கு எப்போது துணை நிற்பார்?

மாவட்டத்துக்கு ஒரே ஒரு பாதுகாப்பு அலுவலர் போதவே மாட்டார், ஒவ்வொருவரும் ஐந்நூறு அறுநூறு வழக்குகளைச் சுமக்க நேரிடும் என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியிலேயே சுட்டிக்காட்டியது. முழுநேரம் உழைப்பவருக்கே தாங்காத இந்தச் சுமையைத்தான் மற்ற வேலைகளுக்கு இடையில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

அந்த அலுவலர் இல்லாதபோது நடப்பதை இந்த வழக்குகளோடு பழகிய எவரும் அறிவர். 'இவளை நெருங்கக் கூடாது' என்ற உத்தரவை வாங்கிக்கொண்டு பெண் வீடு திரும்புகிறாள். சில நாள்களில் கணவன் குடித்துவிட்டு வந்து கதவை உடைக்கிறான். உத்தரவின் நகலோடு காவல் நிலையத்துக்கு ஓடினால், 'குடும்பத் தகராறும்மா, பேசித் தீர்த்துக்கங்க' என்கிறார்கள். வழக்குப் பதியாமல் மனு ரசீதைக் கொடுத்து அனுப்புகிறார்கள். பாதுகாப்பு உத்தரவை மீறுவது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஜாமீனில் விட முடியாத குற்றம். பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் ஒன்றை வைத்தே குற்றம் நடந்தது என்று நீதிமன்றம் முடிவு செய்யலாம். சட்டத்தின் 31, 32ஆம் பிரிவுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. அந்தப் பிரிவுகளைக் காவல் நிலையத்தில் எடுத்துச் சொல்லி, வழக்குப் பதியும்வரை அவளுக்குத் துணை நிற்க ஆள் இல்லை.

கடமை தவறும் பாதுகாப்பு அலுவலருக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு என்கிறது 33ஆம் பிரிவு. ஆனால் மாநில அரசின் முன் அனுமதி இல்லாமல் அவர்மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது அடுத்த பிரிவு. ஆளையும் நேரத்தையும் தராத அரசு எந்த முகத்தோடு அந்த அனுமதியைத் தரும்? ஆகவே யாரும் பொறுப்பேற்பதில்லை.

இந்த அலட்சியம் ஆட்சியாளர்களுக்குப் புதிய வழக்கமும் அல்ல. 2005 செப்டம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இதே சட்டத்தை நடைமுறைப்படுத்த 2006 அக்டோபர் 26 வரை இழுத்தடித்தார்கள். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிராக 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் நெறிமுறைகளை வகுத்துக் கொடுத்தும், சட்டம் இயற்ற 2013 வரை காக்க வைத்தார்கள். டெல்லியில் இளம்பெண் ஒருவர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த பிறகு, பெண்கள் பாதுகாப்புக்கென ஆயிரம் கோடி ரூபாயில் நிர்பயா நிதியை அறிவித்துக் கைதட்டல் வாங்கியவர்கள், அதன் பெரும்பகுதியை ஆண்டுக்கணக்கில் செலவிடாமலே வைத்திருந்தார்கள். நாட்டுக்கே முன்மாதிரியாக 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையத் திட்டத்தை, கணவன் மனைவியைச் சமாதானம் பேசி அனுப்பும் இடமாகச் சுருங்க விட்டதும் இதே அலட்சியம்தான். ஒவ்வொரு முறையும் திறப்பு விழா நடந்தது. அதற்குப் பின் அங்கே வேலை செய்ய ஆள் போதவில்லை.

தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் உள்ள, திருமணம் கண்ட பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இத்தனை பெண்களின் பாதுகாப்பு, இன்னொருவரின் உபரி நேரத்தை நம்பியிருக்கிறது. எத்தனை அலுவலர்கள் தேவை என்று முடிவு செய்யும் உரிமையைச் சட்டம் மாநில அரசுக்கே கொடுத்தது. அதைக் குறைவாக நியமிக்கும் உரிமையாக எடுத்துக்கொண்டவர்கள், உத்தரவு கையில் இருந்தும் அடி வாங்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இந்தப் பணிக்கென்றே ஆட்கள் வேண்டும். அவர்களுக்கு அதிகாரமும் ஆதரவும் வேண்டும். இன்னொரு சுற்றறிக்கையை எங்கள் முன் நீட்ட வேண்டாம். நீதிமன்றம் கொடுத்த பாதுகாப்பை நிறைவேற்ற மனமில்லாதவர்கள், பெண்களைக் காப்பதாக இனி மேடையில் பேசக் கூடாது.