டிராயிங் மாஸ்டர் என்றால் இளக்காரமா?

கனகம்மாசத்திரம்: மெரினாவுக்குப் போகிறவர்கள் உழைப்பாளர் சிலையைப் பார்க்காமல் வருவதில்லை. நாலு பேர் பாறையை நெம்பும் சிலை. செய்தவர் யார் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் முழிப்பார்கள்!

அவர் ஒரு டிராயிங் வாத்தியார்!

பெயர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899-இல் ரங்கபூரில் பிறந்த வங்காளி. அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் படித்தவர். ஆளை எதிரே உட்கார வைத்து, முகத்தை அப்படியே கொண்டு வருவதில் மன்னன். களிமண்ணைத் தொட்டாலும் அதே கைதான்.

1920-களின் கடைசியில் சென்னை ஓவியப் பள்ளிக்கு வந்தார். 1850-இல் வெள்ளைக்கார டாக்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி அது. அதற்குத் தலைவரான முதல் இந்தியர் இவர். ஏறத்தாழ முப்பது வருஷம் அங்கேயே கழித்தார். கே.சி.எஸ். பணிக்கர், சிற்பி தனபால் எல்லாம் இவரிடம் பாடம் கேட்டவர்கள். 1954-இல் லலித் கலா அகாடமியின் முதல் தலைவர். 1958-இல் பத்மபூஷண். உழைப்பாளர் சிலை திறந்தது 1959-இல். 1975-இல் காலமானார்.

வாத்தியாருக்கு நாடு கொடுத்த மரியாதை அது.

இன்றைய டிராயிங் மாஸ்டர் கதை வேறு! 2012-இல் ஓவியம், தையல், உடற்பயிற்சி என்று 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியராக எடுத்தார்கள். வாரம் மூன்று அரை நாள். சம்பளம் மாதம் 5 ஆயிரம். கொத்தனார் கூடச் சிரிப்பார். மே மாதச் சம்பளத்துக்காகத் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள், போராடப் போராட!

வகுப்பிலாவது மதிப்பு உண்டா? பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் டிராயிங் பீரியடைக் கடன் வாங்குவார். திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் கிடையாது.

பக்கத்துத் திருவாலங்காடு நடராஜரின் ரத்தின சபை. அதே அஞ்சு சபையில் குற்றாலம் சித்திர சபை. அங்கே சாமியே ஓவியமாகத்தான் ஆடுகிறார். சாமிக்குச் சரியாகப்பட்டது, அதிகாரிகளுக்கு மட்டும் ஏனோ உறைக்கவில்லை.

ஒவ்வொரு அரசு உயர்நிலைப் பள்ளிக்கும் முழு நேர ஓவிய ஆசிரியர் வேண்டும். முழுச் சம்பளமும் வேண்டும். இதில் பேரம் என்ன இருக்கிறது?

சௌத்ரி பாடம் நடத்திய இடம்தான் இப்போது அரசு கவின் கலைக் கல்லூரி. வரைந்து காட்டினால்தான் இடம். திருவாலங்காட்டில் ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து நடந்தே போகலாம். இதைக் கனகம்மாசத்திரத்துப் பையனுக்குச் சொல்ல பள்ளிக்கூடத்தில் ஆள் வேண்டாமா?