குடும்பமாக வாழலாம், மணம் முடிக்கக் கூடாதா?

2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஓர் ஆட்கொணர்வு மனுவில் தீர்ப்பளித்தது. வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை எதிர்மனுதாரராகச் சேர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு அது. 25 வயதுப் பெண் ஒருவரைப் பெற்றோர் வீட்டில் அடைத்துவைத்திருக்கிறார்கள், மீட்டுத் தாருங்கள் என்று அவருடைய தோழி, அதாவது அவர் இணைந்து வாழ விரும்பிய பெண், நீதிமன்றத்தை நாடியிருந்தார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் இருவரும் அந்தப் பெண்ணை நேரில் விசாரித்தார்கள். வீட்டில் தன்னை அடித்ததாகவும், ‘சரியாக்குவதற்காக’ச் சில சடங்குகளைச் செய்யவைத்ததாகவும் அவர் சொன்னார், தோழியோடு போகவே விருப்பம் என்றார். குடியாத்தம் உள்ளிட்ட காவல் நிலையங்களின் மெத்தனத்தை நீதிமன்றம் கண்டித்தது. அவர் விரும்பியபடி போகலாம், குடும்பத்தார் குறுக்கே நிற்கக் கூடாது, போலீஸ் பாதுகாப்புத் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்க வழி என்றில்லை, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றும் எழுதியது.

நல்ல தீர்ப்பு. ஆனால், அந்தக் குடும்பத்துக்குச் சட்டத்தில் இடம் தேடித் தர உயர் நீதிமன்றத்தால் முடியவில்லை. தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் கோரிய வழக்கில், 2023 அக்டோபர் 17 அன்று அதை விசாரித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவரும், திருமணம் செய்துகொள்வது அரசமைப்பு தரும் அடிப்படை உரிமை ஆகாது என்று ஒருமித்துச் சொல்லிவிட்டார்கள். திருமணம் என்று அழைக்காமல் வேறொரு சட்ட அங்கீகாரமாவது தரலாமா என்ற கேள்வியும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றது. மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. ஆக, தன்பாலின இணையர் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை, அவர்கள் குடும்பம் என்பதற்கும் தடையில்லை. திருமணப் பதிவேட்டில் மட்டும் இடமில்லை.

பதிவேட்டில் ஒரு வரி இல்லாமல் போனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்து ஷூ கம்பெனிகளிலும் தோல் ஷாப்புகளிலும் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தம் போகும் எவரும் இதற்குப் பதில் சொல்வார்கள். பி.எஃப். திட்டத்தில் ‘குடும்பம்’ என்ற சொல்லுக்கு வரையறை உண்டு. ஒரு பெண் தொழிலாளிக்கு அது கணவர், பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர் என்று போகிறது. குடும்பம் உள்ளவர் வெளியாளை நாமினியாகப் போட்டால் அந்த நியமனம் செல்லாது. ஷூ மேற்பாகம் தைக்கும் ஒரு பெண், தன்னை நம்பியிருக்கும் தாயும் உயிரோடிருக்க, பத்தாண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்த தோழியின் பெயரை எழுதினால் அந்தத் தோழி வெளியாள். இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியிலும் அவருக்குப் பங்கில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். இப்படியொரு விபத்து நாளை நடந்தால் இழப்பீடு வாரிசுக்குப் போகும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் கணவனுக்கும் மனைவிக்கும் இடமுண்டு, தோழிக்கு இல்லை.

சலுகைகளை அரசாணை வழியே கொடுத்துவிட்டால் போதாதா என்பது நியாயமான மறுப்பு. மத்திய அரசும் 2024இல் அந்தப் பாதையில் சில அடிகள் வைத்தது: தன்பாலின இணையர் ஒரே ரேஷன் கார்டில் சேரலாம், வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், ஒருவர் மற்றவரை நாமினியாக்கலாம் என்று விளக்கமளித்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் நாமினி வேறு, வாரிசு வேறு. காப்பீட்டுத் தொகையை வாங்கிக்கொள்ள மட்டுமே நாமினிக்கு உரிமை, அது யாருக்குச் சொந்தம் என்பதை வாரிசுரிமைச் சட்டமே தீர்மானிக்கும் என்று 1983இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனிப் பங்குகளுக்கும் இதுவே விதி என 2023இல் மறுபடி சொன்னது. உயில் எழுதலாம், மகளைப் பூட்டிவைக்கத் துணிந்த குடும்பம் அந்த உயிலை எதிர்த்து வழக்குப் போடவும் தயங்காது. திருமணம் ஒரே கையெழுத்தில் தருவதை இவர்கள் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கித் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இது நகரத்து மேல்தட்டின் விவகாரம் என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டது. குடியாத்தம் காவல் நிலையப் படியேறிய வழக்கு அந்த வாதத்துக்குப் பதில். மதம் ஏற்காது என்பது அடுத்த மறுப்பு. பள்ளிவாசலும் தேவாலயமும் கோயிலும் அடுத்தடுத்து நிற்கும் இந்த வட்டாரத்தில் அதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது, ஒதுக்கவும் கூடாது. ஆனால் கேட்கப்படுவது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஓர் இடம். அது சார்பதிவாளர் முன் நடக்கும் பதிவு. எந்த இமாமும், எந்தப் போதகரும், எந்த அர்ச்சகரும் மனதுக்கு ஒவ்வாத திருமணத்தை நடத்திவைக்க வேண்டியதில்லை. பிள்ளைப்பேறு இல்லாத உறவு திருமணமாகுமா என்பார்கள். அறுபது வயதில் மணம் முடிக்கும் ஆணையும் பெண்ணையும் சட்டம் அப்படிக் கேட்பதில்லை.

மரபை மீறியது என்ற வாதத்தைத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறது. புரோகிதரும் அக்னியும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படி மணந்து, பிள்ளை பெற்று வாழ்ந்த குடும்பங்களின் சொத்துரிமை அந்தரத்தில் நின்றது. 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தார். உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும் என்றானது. முன்பு நடந்த திருமணங்களும் செல்லுபடியாயின. அவையெல்லாம் ஆண், பெண் திருமணங்கள்தானே என்று கேட்டால், ஆமாம். ஆனால் அன்றைய எதிர்ப்பும் ‘இது திருமணமே ஆகாது’ என்றுதான் ஒலித்தது. சடங்கு எது என்று பார்க்காமல், இருவரின் சம்மதத்தையும் ஏற்கும் பொறுப்பையும் சட்டம் பார்த்தது. அதே பார்வைதான் இப்போதும் வேண்டும். 2019இல் இதே நீதிபதி சுவாமிநாதன், ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று கூறித் தூத்துக்குடித் தம்பதியின் திருமணத்தைப் பதிவுசெய்ய உத்தரவிட்டார். அதனால் யாருடைய இல்வாழ்க்கையும் குலைந்துவிடவில்லை.

இதை முடிவுசெய்ய வேண்டியது சட்டமன்றங்கள், நீதிமன்றம் அல்ல என்ற வாதத்தோடு எனக்குப் பிணக்கில்லை. கணவன், மனைவி என்று பேசும் ஜீவனாம்சச் சட்டமும் வாரிசுரிமைச் சட்டமும் திருத்தி எழுதப்பட வேண்டியவை. அது சட்டம் இயற்றுவோரின் வேலை. ஆனால் திருமணம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு மாநிலம் திருத்தம் கொண்டுவரலாம். 7ஏ பிரிவு அப்படி வந்ததே. மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம பங்கு தரும் திருத்தத்தை 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்தது; நாடு முழுமைக்கும் அது வர 2005 ஆனது. ஆசியாவில் தைவான் 2019இலும், தாய்லாந்து 2025 ஜனவரியிலும் தன்பாலினத் திருமணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டன. டெல்லி ஒப்புதல் தராது என்று முன்கூட்டியே முடிவுகட்டிச் சும்மா இருப்பதற்குச் சமூகநீதி பேசும் சட்டப்பேரவை எதற்கு? சிறப்புத் திருமணச் சட்டத்துக்கான மாநிலத் திருத்தத்தைத் தமிழ்நாடு நிறைவேற்றி அனுப்பட்டும். மறுப்பதானால் மறுப்பவர்கள் காரணத்தை எழுத்தில் சொல்லட்டும்.