பின்கட்டு ஸ்டூலில் ஒரு கம்ப்யூட்டர்

சென்ற மாதம் ஒரு சிற்றச்சகத்துக்குப் போயிருந்தேன். முன்னறையில் புதுக் கம்ப்யூட்டர். திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. நான் இருக்கும்போதே ஒரு வாடிக்கையாளர் வந்தார். நாலு வருடத்துக்கு முன் அடித்த அதே ரசீதுப் புத்தகம் வேண்டுமாம், விலாசம் மட்டும் மாறியிருக்கிறதாம். ஆபரேட்டர் ஒன்றும் பேசாமல் எழுந்து பின்கட்டுக்குப் போனார். அங்கே ஒரு ஸ்டூலின்மேல் பழைய இயந்திரம், துணிக்கடைப் பை போட்டு மூடி வைத்திருந்தார்கள். விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர். சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரை வந்து எஃப்1 அழுத்தச் சொன்னது. அழுத்தினார். மூலையில் கடிகாரம் 2002 ஜனவரி 1 என்று காட்டியது.

“அது எப்பவும் அப்படித்தான் சார்.”

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டால் அப்படித்தான் காட்டும். ஒவ்வொரு முறை மின்சாரத்தை நிறுத்தும்போதும் இயந்திரம் தன் பிறந்த தேதிக்குத் திரும்பிவிடும். அதோடு போனால் பரவாயில்லை. “ரசீது ஃபைனல்”, “ரசீது ஃபைனல் 2”, “ரசீது நியூ கரெக்‌ஷன்” என்று மூன்று ஃபைல்கள் இருந்தன. மூன்றுக்கும் தேதி 2002 ஜனவரி 1. எது கடைசியாகப் பிளேட்டுக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மூன்றையும் திறந்து, அச்சடித்த புத்தகத்தோடு வரிவரியாக ஒத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 பழைய பிராசஸர்களில் பலவற்றை ஏற்பதில்லை, டிபிஎம் 2.0 சில்லும் கேட்கிறது. அதனால் நம் தொழிலில் புது இயந்திரம் வாங்கும் அலை ஒன்று அடிக்கிறது. எந்த மாடல், எவ்வளவு ராம் என்றெல்லாம் விற்கிறவரே விளக்கிவிடுவார். நான் கேட்பது வேறு. பழைய வேலை ஒன்று திரும்பி வந்தால் உங்கள் ஆபரேட்டர் எழுந்து எங்கே போகிறார்? பின்கட்டு ஸ்டூலுக்கு என்றால், நீங்கள் இன்னும் மாறவில்லை. இரண்டு இயந்திரம் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதன் ஃபைலை நேராகத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைன், 2012-இல் வந்த சிஎஸ்6. அதற்குப் பின் வந்த எந்த இன்டிசைனும் அதைத் தொடாது. டைப் 1 ஃபாண்ட்களுக்கான ஆதரவையும் அடோபி 2023-இல் நிறுத்திவிட்டது. சில பழைய தமிழ் மென்பொருள்களுக்குப் பிரின்டர் போர்ட்டில் செருகும் பூட்டு ஒன்று உண்டு. புது இயந்திரத்தில் அந்தப் போர்ட்டே இல்லை. அதாவது பழைய மேட்டரை எடுத்து மாற்ற வேண்டுமானால், பழைய இயந்திரம் உயிரோடு இருக்கும்போதே செய்தாக வேண்டும். ஹார்ட் டிஸ்க் கிறீச்சிடத் தொடங்கிய பிறகு ஆள் தேடினால் காரியம் ஆகாது.

ஃபைல் திறந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் கதையைச் சொல்ல வேண்டும். இந்த இதழின் பழைய தொகுதிகளை யூனிகோடுக்கு மாற்றினோம். கன்வர்ட்டரில் போட்டோம், வந்தது, படித்தோம், சரியாக இருந்தது. சில மாதம் கழித்து ஒரு பழைய கட்டுரைக்காக “அச்சகர்” என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை என்றது. அச்சகர்களுக்காகவே நடக்கும் இதழில் அச்சகர் என்ற சொல்லே இல்லையாம்! கண்ணுக்கு நேரே பக்கத்தில் இருக்கிறது, தேடினால் இல்லை.

விஷயம் ரகரத்தில் இருந்தது. ஈய எழுத்துக் காலத்தில் “ர்” போட, அடிக்கால் இல்லாமல் துணைக்கால்மேல் புள்ளி வைத்த வடிவத்தையே பல அச்சகங்களில் கோத்தார்கள். அந்தக் கைப்பழக்கம் அப்படியே பாமினி போன்ற ஃபாண்ட்களுக்கும் வந்தது. ரகரத்துக்கான விசை “யு”, துணைக்காலுக்கு “எச்”. எங்கள் ஆபரேட்டர் “எச்” அடித்துப் புள்ளி வைத்திருக்கிறார். தாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும், அதனால் புரூப் பார்ப்பவர் கண்ணில் படாது. கன்வர்ட்டரோ அடித்ததை அடித்தபடி மாற்றிவிட்டது. அவர் என்பது “அவா்” ஆனது. உற்றுப் பாருங்கள், உள்ளே இருப்பது ரகரமே அல்ல. ஆயிரக்கணக்கான இடங்கள். சரியான சொல்லில் துணைக்கால்மேல் புள்ளி வரவே வராது என்பதால் ஒரே கட்டளையில் திருத்த முடிந்தது. “கௌரி” போன்ற சொற்களில் அந்த அதிர்ஷ்டமும் இல்லை. பழைய ஃபாண்ட்கள் பலவற்றில் ஔகாரக் குறிக்குத் தனி விசை கிடையாது, ளகரத்தைத்தான் போடுவோம். மாற்றியதும் கெ, ள என இரண்டு எழுத்தாகப் பிரிந்து “கெளரி” என நிற்கும். இங்கே ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றினால் “கெளுத்தி” மீனும் கௌவாகிவிடும். ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தினோம். நடுநடுவே வரும் ஆங்கிலச் சொற்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழைப் பொருத்திய ஃபாண்ட் என்றால் ஒரு கம்பெனிப் பெயர்கூடத் தப்பாது.

இன்டிசைனில் இன்னொரு இடறல் உண்டு. பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். சிஎஸ்6 முதலே தமிழுக்கு இந்த வசதி இருக்கிறது. ஆனாலும் “யூனிகோடில் தமிழ் உடைகிறது” என்று சொல்லிப் பழைய ஃபாண்டுக்கே திரும்பிப் போன அச்சகங்கள் எனக்குத் தெரியும். யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தது 1991-இல். டாம், டாப் என்ற எழுத்துக் குறியீட்டுத் தரங்கள் 1999-இல் வந்தன. 2010-இல் தமிழ்நாடு அரசே யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. இன்னமும் வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் யூனிகோட் மேட்டரைப் பழைய ஃபாண்டுக்குத் திருப்பி மாற்றி வேலை செய்கிறோம். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எப்போது மாறுவது? கல்யாணப் பத்திரிகை அடிப்பவருக்கு ஆடி மாதம் தோதானது, முகூர்த்தம் இல்லை. சிவகாசியில் காலண்டர் அடிப்பவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்; ஆடிப் பெருக்கன்று ஆல்பம் வெளியிட்டு அவர் வருடத்தையே தொடங்குகிறார். உங்கள் கை ஓய்கிற மாதம் உங்களுக்குத்தான் தெரியும். ஆர்டர் குவிந்து கிடக்கும் வாரத்தில் மட்டும் வேண்டாம்.

மாறியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். ஈய எழுத்தைக் கோத்து வேலை செய்த மூத்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். பாரம் அச்சாகி முடிந்ததும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறையில் போட வேண்டும். பிரிக்காமல் விட்டால் மறுநாள் கோக்க எழுத்து இருக்காது. பராமரிப்பு என்று அதற்குப் பெயர்கூட வைத்ததில்லை, வேலையின் ஒரு பகுதி அது. கம்ப்யூட்டர் அப்படிக் கேட்பதில்லை. பிரிக்காமல் போட்டாலும் மறுநாள் காலையில் சமர்த்தாக ஓடும். அங்கேதான் நாம் ஏமாந்தோம்.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்ற நிரல் உலகெங்கும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களின் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே வருடம் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. மாட்டிக்கொண்டவற்றில் பெரும்பாலானவை அரதப் பழசான எக்ஸ்பி அல்ல. அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7. இரண்டு மாதமாக அப்டேட்டைத் தள்ளித் தள்ளிப் போட்டவர்கள் அவர்கள். திருட்டுப் பதிப்பு வைத்திருப்பவர்கள் அப்டேட் போட்டால் குட்டு வெளிப்படும் என்று அதை நிறுத்தியே வைத்திருப்பார்கள். காசு இல்லை என்பது பொய்யான காரணம் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்கிரைபஸ் இலவசம். அதன் 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காகக் கோக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்கும் பில் புக்குக்கும் அது தாராளம்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது சனிக்கிழமை மாலை கடைசி ஒரு மணி நேரம் ஆர்டர் எடுப்பதில்லை. அப்டேட் அப்போதுதான் போடுகிறோம். அந்த வாரத்து வேலை இரண்டு வெளி டிஸ்க்குகளுக்குப் போகும். ஒன்று வீட்டுக்குப் போய்விடும், மற்றது நகலெடுத்ததும் கழற்றிவிடப்படும். செருகியபடியே கிடக்கும் டிஸ்க்கையும் வான்னாக்ரை மாதிரி நிரல் சேர்த்தே பூட்டிவிடும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவுக்கு என்று இணைப்பில்லாத ஒரு லேப்டாப் உண்டு. மாதம் ஒருமுறை டிஸ்க்கிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு பழைய வேலையை எடுத்துப் புது இயந்திரத்தில் திறந்து பார்க்கிறோம். மூன்றாவது மாதம் ஒரு ஃபைல் திறந்தது, ஆனால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. மேட்டரை நகலெடுத்த நாங்கள் ஃபாண்டை மறந்துவிட்டிருந்தோம்.

முதலில் சொன்ன அந்த அச்சகத்தில் டீ வருவதற்குள் எதிர்க் கடிகாரக் கடையில் ஒரு பட்டன் பேட்டரி வாங்கிவரச் சொன்னேன். மூடியைக் கழற்றினால் உள்ளே பஞ்சுபோலத் தூசி. ஊதித் துடைத்துப் பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தோம். அணைத்துப் போட்டால் எஃப்1 கேட்கவில்லை, நேராக உள்ளே போயிற்று. உரிமையாளர் ஆர்வமாக ஃபோல்டரைத் திறந்து, “அப்ப இதுங்களுக்கும் சரியான தேதி வந்திருக்கணுமே சார்?” என்றார். ஆபரேட்டர்தான் பதில் சொன்னார், “வராதுண்ணே.” வெளி டிஸ்க் ஒன்று வாங்க எவ்வளவு ஆகும் என்று அப்போதுதான் உரிமையாளர் கேட்டார்.