குறை கூறும் முறை

மென்பொருள் என்னும் சொல் இன்று நம் இல்லந்தோறும் வழங்குகிறது. பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அத்தொழிலைக் கொண்டு பிழைப்போர் பலர். ஏனையோரும் அதனைப் பயன்படுத்துவோரே. அதில் ஒரு வகையின் உள்ளமைப்பை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் அளிக்கலாம். அதனைக் கட்டற்ற மென்பொருள் என்பர். லினக்ஸ், ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ், தமிழில் தட்டெழுத உதவும் இ-கலப்பை ஆகியன இவ்வினத்தைச் சார்ந்தவை. இவ்வினத்தை ஆக்குவோருள் பலர் ஊதியம் பெறாது ஓய்வு நேரத்தில் உழைப்பவர்.

இவற்றில் குறை கண்டால் என் செய்வது? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்று வாய்மூடி இருப்பதா? வேண்டுவதில்லை. குறை தெரிந்தாலன்றித் திருத்தம் பிறவாது. ஆயினும், குறை கூறுதல் வேறு, ஆணையிடுதல் வேறு. இதனை விளக்கும் அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்று உண்டு.

எக்ஸ்-இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு கருவி. லினக்ஸ் ஓடும் கணினிகள் பெரும்பாலானவற்றில் உள்ளது. அதனைப் பல்லாண்டுகளாகப் பேணிவந்தவர் பின்லாந்து நாட்டு லாசே காலின். வேலை மந்தமாக நடக்கிறதென்றும், பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்க வேண்டுமென்றும் 2022-ஆம் ஆண்டில் சிலர் அவரை நெருக்கினர். தம் மனநலம் குன்றியிருப்பதையும், இஃது ஊதியமில்லாப் பணி என்பதையும் அவர் எடுத்துரைத்தும் நெருக்கடி நிற்கவில்லை. ஈற்றில், உதவிக்கு வந்த ஜியா டான் என்னும் பெயருடையாரிடம் பொறுப்பில் ஒரு பங்கை அளித்தார். 2024 பிப்ரவரியில் அக்கருவிக்குள் கள்ள வழி ஒன்று புகுத்தப்பட்டது. நல்லூழாக, ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், கணினிக்குள் நுழைய வழக்கத்தினும் அரை விநாடி கூடுதலாவதைக் கண்டு, காரணத்தைத் துருவி, மார்ச் 29-இல் ஊரறிய வெளியிட்டார். நச்சரிப்பின் வழியே கள்ளம் நுழைந்தது. அளந்து கூறிய சொல்லால் அது பிடிபட்டது.

புகைவண்டி நிலையத்துப் புகார்ப் புத்தகத்தில் 'வண்டி மோசம்' என்றெழுதினால் ஒன்றும் விளையாது. வண்டி எண், நாள், பெட்டி, இருக்கை ஆகியவற்றைக் குறித்தால் ஊழியர் செப்பனிட இயலும். மென்பொருளுக்கும் அவ்வாறே. எந்தக் கணினி, எந்தப் பதிப்பு, நாம் என்ன செய்தோம், எதை எதிர்பார்த்தோம், என்ன நிகழ்ந்தது என்னும் ஐந்தையும் எழுதுதல் வேண்டும். அதே ஐயத்தை முன்னரே எவரேனும் எழுப்பியுள்ளாரா என்றும் நோக்குதல் நலம். குறை தீர்ந்தபின் தீர்ந்த வழியையும் எழுதிவைத்தால், அடுத்து வருவோர்க்கு அது துணையாகும்.

ஆக்குவோர்க்கும் கடமை உண்டு. அறியாது கேட்பவரைப் 'படித்துவிட்டு வா' எனத் துரத்துதல் அறமன்று. 1991-இல் லினக்ஸைத் தொடங்கிய லைனஸ் டோர்வால்ட்ஸே தம் கடுஞ்சொற்களுக்காக 2018 செப்டம்பரில் வெளிப்படையாக மன்னிப்புக் கோரி, சிறிது காலம் ஒதுங்கி நின்றார். இத்துறையில் உள்ள நம் இளைஞர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று. புது ஊரில் வழி கேட்டு நின்ற நாள்களை நம் குடும்பங்கள் அறியாதன அல்லவே!

நம் நகருக்கு இத்துறையோடு நெடுநாள் தொடர்பு உண்டு. 2001-இல் இங்கே தொடங்கிய லினக்ஸ் பெங்களூர் மாநாடு 2005-இல் ஃபாஸ்.இன் எனப் பெயர் பூண்டது. 2024-இல் இந்நகரத்து ஜெரோதா நிறுவனம், கட்டற்ற மென்பொருள் ஆக்குவோர்க்கு ஆண்டுதோறும் 10 இலட்சம் டாலர் வரை வழங்க முன்வந்தது. பொருள் கொடுக்க இயலாதார் தெளிவான முறையீடு ஒன்றைக் கொடுக்கலாம். தமிழ் எழுத்துச் சிதைந்து தோன்றும் இடத்தை நம்மையன்றி வேறு எவர் கண்டு சொல்வார்? அன்பர்கள் அச்சிறு தொண்டுக்கு முற்படுவார்களாக.