ஒரே குழாயில் இரண்டு கேபிள்

மதிப்பிற்குரிய மத்திய தகவல் தொடர்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

ஃபைபர் கேபிள் ஒட்டியே காலம் தள்ளியவன் நான்; இப்போது ஓய்வு. ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுபோகும் பாரத்நெட்டை ரிங் முறைக்கு மாற்ற 2023 ஆகஸ்டில் அமைச்சரவை ஒப்புக்கொண்டது. ரூ.1.39 லட்சம் கோடி, 2.64 லட்சம் ஊராட்சிகள் என்று படித்தபோது உள்ளபடியே மகிழ்ந்தேன். பழைய முறையில் கேபிள் ஒற்றைக் கொடியாக ஊர் ஊராகப் போகும். ஓரிடம் அறுந்தால் அதற்கு அப்பால் எல்லா ஊரும் முடங்கும். ரிங்கில் ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமாகச் சுற்றி வந்துவிடலாம்.

வரைபடத்தில் வட்டமாகத் தெரிவது மண்ணுக்குள்ளும் வட்டமாக இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

நான் வேலை பார்த்த ஒரு தடத்தில், போகும் கேபிளும் திரும்பும் கேபிளும் ஓர் ஆற்றுப்பாலத்தில் ஒரே குழாயில் கிடந்தன. அடுத்த பாலம் வழியாகச் சுற்றினால் செலவாம். வெள்ளத்தில் பாலத்தின் ஓரம் சரிந்தபோது இரண்டும் சேர்ந்தே போயின. வங்கியும் ரேஷன் கடையும் இரண்டு நாள் முடங்கின. பழியை ஆற்றின் மேல் எழுதினார்கள்.

வெள்ளமாவது எப்போதோ வரும். ஜேசிபி தினமும் வரும். ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் இடங்களில் கேபிள் அறுகிறது, ரூ.3,000 கோடி நட்டம் என்பது 2023-இல் அரசே சொன்ன கணக்கு. அதற்காகத்தான், தோண்டுமுன் கேபிள்காரரைக் கேட்க, 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யு டிக்' செயலி வந்தது. நல்லதுதான். ஆனால் தோண்டுகிறவர் கேட்டால், கேபிள் எங்கே கிடக்கிறதென்று நமக்குத் தெரிய வேண்டுமே! அறுந்த பிறகும் அதே சிக்கல்தான்: ஒளியனுப்பித் தூரம் அளக்கும் ஓடிடிஆர் கருவி பதினான்காவது கிலோமீட்டரில் அறுந்திருக்கிறது என்று காட்டும். அது கேபிளின் நீளம், சாலையின் நீளம் அல்ல. குழிக்குக் குழி சுருட்டி வைத்த உபரியையும் சேர்த்தே அளக்கும். எந்தக் குழியில் எத்தனை மீட்டர் என்ற குறிப்பு இல்லாவிட்டால், நள்ளிரவில் டார்ச்சோடு அலைய வேண்டியதுதான். ஒட்டுவது சின்ன வேலை, தேடுவதற்குள் விடிந்துவிடும்.

ரிங் சரியா என்று சோதிக்க, ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்குமுன் ஒரு கேபிளைப் பிடுங்கிக் காட்டுவார்கள். இணைப்பு நொடியில் மாறிக்கொள்ளும், எல்லோரும் கைதட்டுவார்கள். இரண்டும் ஒரே குழாயில் கிடந்தாலும் இந்தச் சோதனை தேறிவிடும்; அதை நம்பாதீர்கள். இரண்டு தடங்களையும் ஒருவர் நடந்து பார்த்து, எங்கெங்கே ஒரே பாலம், ஒரே பள்ளம், ஒரே மின்கம்பம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் ஒரு மைக்ரோவேவ் இணைப்பாவது நிற்கட்டும்.

என் பழைய தடத்தில் அடுத்த பாலம் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேபிள் ஜாயின்டர் ஒருவன்