எச்சரிக்கை வரி யாருக்காக?



இப்போதெல்லாம் ஓ.டி.டி.யில் படமோ தொடரோ போட்டால், ஆரம்பத்தில் திரையின் மூலையில் ஒரு வரி வந்து போகிறது. பளிச்சிடும் வெளிச்சக் காட்சிகள் இருக்கின்றன, அதனால் பாதிக்கப்படுகிறவர்கள் கவனமாக இருங்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். வன்முறை, கெட்ட வார்த்தை, வயது வரம்பு என்ற அறிவிப்புகளோடு கூட்டத்தில் ஒன்றாக வந்து, நாம் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் மறைந்தும் விடுகிறது. "லைட்டைப் பார்த்தா என்னம்மா ஆகும்?" என்று பிள்ளைகள் கேட்டால், பெரியவர்கள் பலருக்குப் பதில் தெரிவதில்லை. நம் வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்து இரவு பத்தரை வரை ஓடும் சீரியல்களில் அந்த ஒரு வரியைக்கூட நான் கண்டதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான். வலிப்பு நோய் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு, வேகமாக அணைந்து அணைந்து எரியும் வெளிச்சத்தைப் பார்த்தால் வலிப்பு வந்துவிடும். மூன்று பேர்தானே என்று தள்ளிவிட வேண்டாம். இது அதிகம் தலைகாட்டுவது 7 வயதுக்கும் 19 வயதுக்கும் நடுவில். அதிலும் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளிடம்தான் அதிகம். நொடிக்கு 15 முதல் 25 தடவை வரை வெட்டும் வெளிச்சம் மிகவும் மோசம். ஆனால் நொடிக்கு மூன்றைத் தாண்டினாலே சிலருக்கு ஆபத்து ஆரம்பித்துவிடும். அடர்ந்த சிவப்பு என்றால் கேட்கவே வேண்டாம். மூளையில் பார்வைக்கான பகுதியில் உள்ள நரம்பணுக்கள் அந்த வெளிச்சத்தின் தாளத்துக்கு ஒன்றாகச் சேர்ந்து துடிக்க ஆரம்பித்து, அது மற்ற பகுதிகளுக்கும் பரவுவதால் வருகிற வலிப்பு இது. பேயும் இல்லை, திருஷ்டியும் இல்லை.

இது உலகத்துக்கே உறைத்தது ஜப்பானில்தான். 1997 டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஆறரை மணிக்கு டி.வி. டோக்கியோவில் போகிமான் கார்ட்டூன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளெல்லாம் டி.வி. முன்னால். கதையில் ஒரு வெடிப்பு. அதைக் காட்ட, திரை முழுவதும் சிவப்பும் நீலமும் மாறி மாறி, நொடிக்குச் சுமார் 12 தடவை, சில விநாடிகள் வெட்டியது. அவ்வளவுதான். அன்று இரவுக்குள் ஆம்புலன்சில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டவர்கள் 685 பேர். அவர்களில் ஆண் பிள்ளைகள் 310, பெண் பிள்ளைகள் 375. எல்லாருக்கும் வலிப்பு என்று சொல்ல முடியாது. வாந்தி, தலைவலி, கண் மங்கல் என்று வந்தவர்களும் அதில் உண்டு. நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், என்ன ஆயிற்று என்று காட்டுகிறேன் பேர்வழி என்று செய்தியில் அதே துண்டை மறுபடி போட்டு, இன்னும் சிலர் பாதிக்கப்பட்டார்கள். அந்தத் தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டது. அந்த ஒரு பகுதி அதற்குப் பிறகு ஒளிபரப்பாகவே இல்லை. 1998-ல் அங்குள்ள ஒளிபரப்பாளர்கள் கூடி விதிமுறை வகுத்தார்கள். வெளிச்சமான அறையில், டி.வி.யிலிருந்து தள்ளி உட்கார்ந்து பாருங்கள் என்று ஜப்பான் கார்ட்டூன்களின் ஆரம்பத்தில் வருகிறதே, அது இதற்குப் பின் வந்த பழக்கம்தான்.

இந்த 685 பேரில் ஒரு விஷயத்தை நாம் உற்றுக் கவனிக்க வேண்டும். வலிப்பு கண்டவர்களை டாக்டர்கள் விசாரித்தபோது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதற்கு முன் ஒரு தடவைகூட வலிப்பு வந்ததில்லை என்று தெரிந்தது. அன்றைக்கு டி.வி.யில் "ஒளியால் வலிப்பு வருகிறவர்கள் பார்க்க வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், அந்தத் தாய்மார்கள் பிள்ளையை எழுப்பி வெளியே அனுப்பியிருக்க மாட்டார்கள். தன் பிள்ளைக்கு இருப்பதே தெரியாதபோது எச்சரிக்கை யாருக்கு?

பிரிட்டனில் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். 1993-ல் அங்கே ஒரு நூடுல்ஸ் விளம்பரத்தைப் பார்த்து மூன்று பேருக்கு வலிப்பு வந்தது. மூன்றே மூன்று பேர். நம் ஊராக இருந்தால் பெட்டிச் செய்தியாகக்கூட வந்திருக்காது. அவர்கள் அதற்காக விதியே போட்டார்கள். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் வெளிச்சம் வெட்டக்கூடாது, திரையில் கால் பாகத்துக்கு மேல் அப்படி வெட்டக்கூடாது, சிவப்பு வெட்டுக்கு இன்னும் கண்டிப்பு. பர்மிங்ஹாமில் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த கிரஹாம் ஹார்டிங் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சியை வைத்து ஒரு சோதனையும் வந்தது. படத்தை ஒளிபரப்புவதற்கு முன் கம்ப்யூட்டரில் ஓட்டினால் எந்த இடத்தில் வெளிச்சம் வரம்பு மீறுகிறது என்று அது சொல்லிவிடும். அந்த இடத்தை மங்கலாக்கியோ மெதுவாக்கியோ அனுப்புகிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்காக 2007-ல் வெளியிட்ட விளம்பரப் படத்தில் இப்படி ஒரு காட்சி வந்து புகார் கிளம்பியதும், அந்தத் துண்டையே எடுத்துவிட்டார்கள். ஒலிம்பிக்ஸ் என்று பார்க்கவில்லை.

அங்குள்ள ஆஃப்காம் அமைப்பின் விதியில் எனக்குப் பிடித்தது அதன் வரிசை. முதல் கடமை, காட்சியையே ஆபத்தில்லாமல் செய்வது. அது முடியாத இடத்தில், காட்டியே ஆக வேண்டிய நியாயமான காரணமும் இருந்தால் மட்டுமே எச்சரிக்கை. அதையும் எழுத்தில் போட்டால் மட்டும் போதாது, வாயாலும் சொல்ல வேண்டும். பிரமுகர் காரிலிருந்து இறங்கும்போது போட்டோக்காரர்களின் ஃப்ளாஷ் சரமாரியாக அடிக்கும் அல்லவா? அங்கே செய்தி வாசிப்பவர் அதற்கு முன்னால் ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் காட்டுகிறார். ஓ.டி.டி. கம்பெனிகளோ வரிசையைத் தலைகீழாக்கி, முதலும் கடைசியுமாக ஒரு வரியைப் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொள்கின்றன. "சொன்னோமே, நீங்கள்தான் பார்த்தீர்கள்" என்பது மாதிரி.

நம் வீடுகளில் அந்த வரி இன்னும் ஒரு காரணத்தால் பிரயோஜனமில்லாமல் போகிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை முன்னுரை.

எங்கள் தெருவில் ஒரு பெண், பிளஸ் ஒன் படிக்கிறாள். காலையில் எழுந்ததும் கை வெடுக் வெடுக்கென்று உதறி, காபி டம்ளரைக் கீழே போட்டுவிடுவாள். "கையில் பிடிமானமே இல்லை, போற வீட்டில் என்ன சொல்லுவாங்க" என்று அவள் அம்மா திட்டுவது எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்கும். பரீட்சைக்கு விடிய விடிய படித்துவிட்டு, காலையில் டி.வி.யில் ஏதோ மேடை நடனம், லைட்டெல்லாம் வெட்டி வெட்டி எரிய, பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இ.இ.ஜி. எடுத்தார்கள். கண்ணுக்கு முன் லைட்டை வெட்டி வெட்டிக் காட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்வார்கள், அதில் தெரிந்துவிட்டது. பருவ வயதில் ஆரம்பிக்கும் ஒருவகை வலிப்பு. காலையில் கை உதறுவது அதன் முதல் அடையாளமாம். தூக்கம் கெட்டால் கூடும். இந்த வகை உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வெளிச்சமும் ஆகாது. மாத்திரையில் நன்றாகக் கட்டுப்படும் என்று டாக்டர் சொன்னார். அந்த அம்மா முதலில் கேட்டது என்ன தெரியுமா? "இது வெளியே தெரியாமல் பார்த்துக்க முடியுமா டாக்டர்?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெண்ணைப் பெற்ற யாரும் அதைத்தான் கேட்பார்கள். காக்கா வலிப்பு என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் அந்தப் பெண்ணுக்கு மட்டுமில்லை, தங்கைக்கும் வரன் வராது. இந்து திருமணச் சட்டத்தில் பைத்தியத்தோடு வலிப்பையும் சேர்த்து, திருமணத்துக்குத் தடையாக எழுதி வைத்திருந்தார்கள். 1999-ல்தான் நாடாளுமன்றம் 'வலிப்பு' என்ற அந்த வார்த்தையை நீக்கியது. சட்டத்திலிருந்து போய்விட்டது. ஜாதகம் பார்க்க வருகிறவர்கள் மனசிலிருந்து போனதா?

ஆக, மறைத்துத்தான் கல்யாணம் நடக்கிறது. மாமியார் வீட்டுக் கூடத்தில் ராத்திரி எட்டரை மணி சீரியல். கதாநாயகிக்கு அதிர்ச்சி. உடனே மூன்று தரம் முகத்தைக் காட்டி, ஒவ்வொரு தரமும் வெள்ளை வெளிச்சம் பளீர் பளீர் என்று வெட்டி, இடி முழக்கம் வேறு. அதற்கு முன்னால் தமிழிலேயே, தெளிவாக, ஒரு எச்சரிக்கை வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்த மருமகள் என்ன செய்ய முடியும்? "அத்தை, எனக்கு ஆகாது, சேனலை மாத்துங்க" என்றால் ஏன் ஆகாது என்ற கேள்வி வரும். எழுந்து போனால் "பெரியவங்களோட நாலு நிமிஷம் உட்கார மாட்டாளே" என்ற பேச்சு வரும். மாத்திரையையே புடவை மடிப்பில் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறவள் அவள். சிலர் பயந்துகொண்டு மாத்திரையை நிறுத்தியும் விடுகிறார்கள். அது பெரிய ஆபத்து. வலிப்பு மருந்துகளில் சில, கர்ப்பத்தில் இருக்கும் சிசுவைப் பாதிக்கக் கூடியவை என்பதால், குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். மறைத்து வாழ்கிறவளுக்கு அந்த வழியும் அடைபடுகிறது.

எச்சரிக்கை என்பது, "எனக்கு நோய் இருக்கிறது" என்று தைரியமாகச் சொல்லக் கூடியவர்களுக்கு மட்டும் உதவுகிற ஏற்பாடு. காட்சியையே அடக்கி வாசித்தால், தெரிந்தவள், தெரியாதவள், மறைக்கிறவள் எல்லாருக்கும் பாதுகாப்பு. அவள் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெள்ளை வெட்டை எடுத்துவிட்டால் கதை ஒன்றும் குறைந்து போகாது. கதாநாயகியின் அதிர்ச்சி நமக்குப் புரியாமலா போகும்? வருஷக் கணக்காகப் பார்க்கிறோம்!

நம் அரசாங்கத்தால் முடியாத காரியமும் இல்லை. சினிமாவில் யாராவது சிகரெட்டைப் பற்ற வைத்தால் கீழே எழுத்து வருகிறது. 2023 செப்டம்பர் 1 முதல் ஓ.டி.டி.க்கும் அந்தச் சட்டம் வந்துவிட்டது. புகையிலைக்கு இத்தனை அக்கறை காட்ட முடிகிறது. ஆனால் கேபிள் டி.வி. சட்டத்தின் கீழ் 1994-ல் வந்த விதிகளில் நிகழ்ச்சிகளுக்கான நெறிமுறை இருக்கிறதே, அதில் ஆபாசம், மூடநம்பிக்கை, பெண்களை இழிவுபடுத்துவது எல்லாம் உண்டு. வெளிச்சம் நொடிக்கு எத்தனை தடவை வெட்டலாம் என்பதற்கு ஒரு வரி கிடையாது. ஒளிபரப்புக்கு முன் சோதனை என்ற பேச்சும் இல்லை. சேர்க்க வேண்டியது அதைத்தான்.

பிரிட்டனில் 2023-ல் இன்னும் ஒரு படி போயிருக்கிறார்கள். வலிப்பு உள்ளவர்களைத் துன்புறுத்த வேண்டும் என்றே பளிச்சிடும் படங்களை போனில் அனுப்பும் விஷமிகள் இருக்கிறார்கள். அப்படி அனுப்புவது அங்கே தண்டனைக்குரிய குற்றம்.

அதுவரை வீட்டில் செய்யக் கூடியது கொஞ்சம் உண்டு. விளக்கை அணைத்துவிட்டு டி.வி. பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். இருட்டில் வெட்டு இன்னும் உறைக்கும். பிள்ளைகளைத் தள்ளி உட்கார வையுங்கள். ஒளி ஆகாதவர்கள், வெட்டு வந்ததும் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாகப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வெறுமே இரண்டு கண்ணையும் மூடினால் போதாது, இமை வழியாகச் சிவப்பு வெளிச்சம் உள்ளே போகும். வலிப்பு வந்துவிட்டால் சாவிக் கொத்தையும் இரும்பையும் தேடி ஓட வேண்டாம், வாயில் ஸ்பூன் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது கொடுத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். வயசுப் பெண் காலையில் அடிக்கடி டம்ளரைக் கீழே போட்டால், திட்டுவதற்கு முன் ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சேனல்காரர்களுக்குப் புகார் எழுத நமக்கு வழி இருக்கிறது. 2021-ல் வந்த விதித் திருத்தப்படி, நெறிமுறை மீறல் என்று புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, 15 நாளைக்குள் சேனல் பதில் தர வேண்டும். வெளிச்சத்துக்கு நெறிமுறையில் வரி இல்லை என்று தட்டிக் கழிக்கலாம்தான். அதனால் அதே கடிதத்தின் நகலை டில்லியில் உள்ள தகவல் ஒளிபரப்பு அமைச்சகத்துக்கும் அனுப்ப வேண்டும். நான் போன வாரம் ஒரு சீரியலைப் பற்றி இரண்டு இடத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். எழுதுகிற சகோதரிகள் நிகழ்ச்சியின் பெயர், தேதி, எத்தனை மணி எத்தனை நிமிஷத்தில் அந்த வெட்டு வந்தது என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள். அது இல்லாவிட்டால் "எந்தக் காட்சி என்று தெரியவில்லை" என்று சுலபமாகப் பதில் எழுதிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி