மத்தளத்துக்கு அருகில் நிற்பவன்

சென்ற கிழமை ஒருநாள் மாலை, கல்முனையிலிருந்து மூன்று இளைஞர்கள் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து நாவிதன்வெளியிலுள்ள என் இல்லத்துக்கு வந்தனர். இருவர் கல்முனை நகரத்தவர். ஒருவர் கல்முனைக்குடியைச் சேர்ந்தவர். பள்ளிக்கூட நாள் முதலே நண்பர்களாகிய இவர்கள், கலியாண வீடுகளிலும் விழாக்களிலும் பாடும் சிறிய இசைக்குழு ஒன்றை நடத்தி வருகின்றனர். குழுவில் நால்வர். வந்தவர் மூவர். வராதவர் மேளம் வாசிப்பவர்.

வந்த காரியமும் அவரைப் பற்றியதே. "ஐயா, அவனோடு சேர்ந்து வாசிப்பது பெருந் தொல்லையாக இருக்கிறது. பாட்டைத் தொடங்கிய கதி ஒன்று, முடிக்கும் கதி வேறொன்று. பாடுபவர் மூச்செடுக்கும் இடமெல்லாம் தனக்கு விட்ட இடம் என்று எண்ணி முழக்குகிறான். இப்போது கீபோர்ட்டிலேயே தாளம் இருக்கிறது; பொத்தானை அழுத்தினால் போதும். அவனை நிறுத்திவிடலாமா?" என்று கேட்டனர். அவர்களுள் ஒருவர் சரித்திரச் சான்றும் கொண்டுவந்திருந்தார். 1962 ஆகஸ்டில் பீட் பெஸ்ட் என்ற மேளக்காரரை நீக்கி ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்த பின்னர் அல்லவா பீற்றில்ஸ் குழு உலகப் புகழ் பெற்றது என்றார்.

உடனே மறுமொழி கூற என்னால் இயலவில்லை. அவர்கள் முறைப்பாடு பொய்யன்று என்பதை நான் அறிவேன். வயலின்காரர் ஓரிடத்தில் சறுக்கினால் அவையில் பத்துப் பேர் அறிவர். மேளக்காரர் சறுக்கினாலோ கூட இருக்கும் அத்தனை பேரும் வண்டிச் சில்லு கழன்றவர்போல் ஆகிவிடுவர். கதி விரைந்தால் பாடகருக்கு மூச்சு முட்டும். தளர்ந்தால் பாட்டு உறங்கும். இவ்வளவு அதிகாரம் ஒருவர் கையில் இருப்பதால் மற்றவர்க்கு அவர்மீது அன்பும் அச்சமும் கலந்தே இருக்கும்.

இத் தகராறு கல்முனையில் தொடங்கியதன்று. கருநாடக இசை மேடையிலே பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) மிருதங்கத்தில் பெரும் மேதை. ஆயினும் அவர் இடக்கையர். மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்கி இருத்தல் வேண்டும் என்பது மேடை வழக்கு. அதனாலே மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கத்திலும் வயலின்காரர் இடப்பக்கத்திலும் அமர்வர். இடக்கையர் வாசிப்பதாயின் இருவரும் இடம் மாறவேண்டும். பல வயலின் வித்துவான்கள் அதற்கு உடன்படவில்லை. கையிலே அத்தனை வித்தை இருந்தும், பக்கத்திலிருப்பவர் ஓர் அடி நகர மறுத்தமையால் அவருக்கு வாய்ப்புகள் நழுவின. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றோர் ஆதரித்தமையால்தான் அத் தடை தளர்ந்தது. மேளக்காரரால் மற்றவர்க்கு வரும் துன்பத்தையே பேசுகிறோம். மற்றவரால் அவருக்கு வரும் துன்பம் நம் கண்ணிற்படுவதில்லை.

அக் காலத்திலேயே வாழ்ந்த பாலக்காடு மணி ஐயர் (1912–1981), பாடலின் சாகித்தியத்தை உள்வாங்கி அதற்கேற்ப வாசிப்பவர் என்று போற்றப்பட்டவர். மிருதங்க வித்துவான்களுள் முதன்முதலாகச் 'சங்கீத கலாநிதி' விருதை 1966இல் பெற்றவரும் அவரே. நம் நாட்டிலே யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) வாசித்த காலத்தில், அவருடைய தவிலைக் கேட்பதற்கென்றே கூட்டம் திரண்டது. அத்தகையவரோடு நாதசுரம் ஊதுவது எளிய காரியமாக இருந்திராது என்று நான் எண்ணுவதுண்டு. எனினும் தவில் தனித்து முழங்கும் அவ் வேளையிலேதான் நாதசுரக்காரருக்குச் சீவாளியைச் சரிபார்க்கவும் மூச்சை ஆற்றவும் அவகாசம் கிடைக்கிறது.

எம் பகுதிக் கூத்திலோ மேளக்காரர் பக்கத்தில் இருப்பவர் அல்லர், நடுவில் நிற்பவர். பாட்டும் ஆட்டமும் பழக்கும் அண்ணாவியாரே மத்தளத்தைக் கட்டிக்கொண்டு வட்டக்களரியின் நடுவே நிற்பார். அவரருகே சல்லரிக்காரரும், ஏடு பார்ப்பவரும், பிற்பாட்டுக்காரரும் நிற்பர். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' முதலிய கூத்துகளைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு மேடையேற்றியபோது நகரத்தவர் கண்டு வியந்த மத்தளம் இதுவே.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன், இருபது வயதில், நான் அண்ணாவியார் ஒருவரின் அருகே நின்று சல்லரி தட்டினேன். வடமோடிக் கூத்து. பின்னிரவு மூன்று மணி இருக்கும். கரப்புடுப்பும் கிரீடமும் தரித்து ஆடிய இளைஞன் களைத்துப்போனான். தாளந் தீர்க்கவேண்டிய இடத்திலே கால் ஒரு தட்டுப் பிந்தியது. அண்ணாவியார் அதை முன்னரே கண்டுகொண்டார். தீர்மானத்தை அடியாமல் இன்னொரு சுற்றுக்கு மத்தளத்தை நீட்டினார். அச் சுற்றில் அவன் காலைச் சேர்த்திருப்பான். சபையில் எவருக்கும் தெரிந்திராது. நானோ கணக்குத் தவறக்கூடாது என்ற நினைவிலே, தீரவேண்டிய இடத்திற் 'சணார்' என்று ஓங்கித் தட்டினேன். மத்தளம் ஒரு பக்கம், சல்லரி ஒரு பக்கம், அவன் கால் ஒரு பக்கம். களரியைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டனர். அவன் தாயும் அங்கே இருந்தாள்.

விடிந்தபின் அண்ணாவியார் என்னை அழைத்தார். ஏசுவார் என்று நடுங்கிப் போனேன். வெற்றிலையை மடித்தபடி, "மனே, நீ தட்டினது கணக்குச் சரி. ஆனா அந்தப் பொடியன விழுத்திப்போட்டாய். கணக்க மனசுக்குள்ள வெச்சுக்க, கண்ண அவன்ட காலில வை" என்றார். வேறொன்றும் கூறவில்லை. அந்த இளைஞன் அதன்பின் களரி ஏறவேயில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். எனினும் அந்தச் சல்லரி ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது.

இதனைக் கூறியதும் இளைஞர் மூவரும் சற்று நேரம் பேசாதிருந்தனர். கல்முனைக்குடிப் பிள்ளைதான் முதலில் வாய் திறந்தார். அவருடைய மூத்தவாப்பா பொல்லடி ஆடியவராம். எதிரே வருபவனுடைய பொல்லில் தன் பொல்லைச் சேர்க்கத் தவறினால் அடி விரலில் விழும் என்று அவர் சொல்வாராம்.

நான் அவர்களை ஒன்று கேட்டேன். "வாசிக்கும்போது நீங்கள் யாரைப் பார்க்கிறீர்கள்?" பாடுபவர் சபையைப் பார்ப்பதாகக் கூறினார். கிற்றார் வாசிப்பவர் தம் விரலைப் பார்ப்பதாகக் கூறினார். கீபோர்ட்காரர் தம் கருவியிலுள்ள சிறு திரையைப் பார்க்கிறாராம். "மேளக்காரர்?" என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். "அவன் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்" என்றார் பாடுபவர்.

பொத்தானை அழுத்தினால் வரும் தாளம் பிழைவிடாது, உண்மை. அன்று நான் தட்டிய சல்லரியும் பிழைவிடவில்லை. பாடுபவர் ஓர் அடியை மறந்து தடுமாறினால், அந்த யந்திரம் அவருக்காக ஒரு சுற்று நீட்டுமா? பீற்றில்ஸ் குழுவினரும் ஓர் ஆளை நீக்கி இன்னோர் ஆளையே சேர்த்தார்கள், பெட்டியைச் சேர்க்கவில்லை. அந்தச் செய்தியைப் பீட் பெஸ்டிடம் கூறியவரும் முகாமையாளர் பிரையன் எப்ஸ்டைன்தான். கூட வாசித்த மூவருள் ஒருவரும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"கதி ஓடுகிறது, ஓசை மிகுகிறது என்று உங்களுள் எவராவது அவரிடம் சொன்னீர்களா?" என்று கேட்டேன். எவரும் சொல்லவில்லை. கோபித்துக்கொள்வான் என்று அஞ்சினார்களாம். அவரை நீக்குவதற்கு அஞ்சாத பிள்ளைகள்!

மழை இருட்டிக்கொண்டு வந்தது. வெள்ளம் ஏறினால் கிட்டங்கி வழி அடைபட்டுவிடும் என்று அவர்களை விரைந்து அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை நால்வரும் கூடிப் பழகப் போகிறார்களாம். பேசவேண்டியதை அன்றைக்குப் பேசுவார்களாம். என்னையும் வரும்படி அழைத்தனர். அவர்கள் போனபின் பெட்டகத்தைத் திறந்து பழைய சல்லரியை எடுத்துப் பார்த்தேன். வெண்கலம் பழுதில்லை, கயிறுதான் இற்றுப்போயிருந்தது. கல்முனைச் சந்தையில் புதுக் கயிறு வாங்கவேண்டும்.